1940 குளிர்காலம், லண்டன் மேல ராத்திரி குண்டு: கையில இருக்கறதுல எதை நைட் ஃபைட்டரா மாத்தலாம்?

ரெண்டாம் உலகப்போர் விமானம்னு பேச்சு எடுத்தாலே இந்த ஒரு கேள்வி விடாம வந்துகிட்டே இருக்கு. 1940 செப்டம்பர், ஜெர்மன்காரன் பகல்ல வந்து அடி வாங்கினது போதும்னு ராத்திரிக்கு மாறிட்டான், லண்டன் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் தினமும் எரியப்போகுது, நீங்க பிரிட்டிஷ் ஃபைட்டர் கமாண்ட்ல உக்காந்திருக்கீங்க, ராத்திரி சண்டைக்குன்னே கட்டின விமானம் ஒண்ணுகூட உங்ககிட்ட கிடையாது. வேற வேலைக்குக் கட்டினதுதான் இருக்கு. எதை மாத்துவீங்க? டிஃபையன்ட்தான்னு ஒரு கோஷ்டி, ஹரிக்கேனை கருப்பு அடிச்சு அனுப்பினா போதும்னு ஒரு கோஷ்டி, பியூஃபைட்டரைத் தவிர வேற பேச்சே வேணாம்னு ஒரு கோஷ்டி. எல்லாத்தையும் படிச்சுட்டு குழம்பிப்போய் கேக்கறவங்களுக்காக இது.

சும்மா கற்பனைக் கேள்வின்னு நினைக்காதீங்க. ஃபைட்டர் கமாண்ட் தலைவர் ஹியூ டவ்டிங் முன்னாடி நிஜமாவே இதுதான் இருந்துச்சு. விமானப்படை மூத்த அதிகாரி சால்மண்ட் தலைமைல ஒரு கமிட்டி போட்டு, ஹரிக்கேன் ஸ்குவாட்ரன் சிலதை ராத்திரி வேலைக்கு ஒதுக்குங்கன்னு அழுத்தினாங்க, அவரு ரேடார் வெச்ச பியூஃபைட்டர் வர்ற வரைக்கும் எதுவும் உருப்படாதுன்னு அடம்பிடிச்சாரு. நான் டவ்டிங் கட்சிதான், ஆனா முழுசா இல்ல. ஏன்னு போகப்போக சொல்றேன்.

முதல்ல எதை வெச்சு அளக்கறது

பகல் சண்டைக்கு வேகம், ஏற்றம், திருப்பம் இதை வெச்சு மார்க் போடுவோம். ராத்திரிக்கு அந்த மார்க் ஷீட்டை கிழிச்சுப் போட்டுடணும். இங்க முக்கியமானது வேற.

முதல் விஷயம் எதிரியைக் கண்டுபிடிக்கறது. நிலா இல்லாத ராத்திரில சில நூறு மீட்டர்ல போற விமானம்கூட கண்ணுக்குத் தெரியாது. அப்ப இருந்த விமான ரேடார் ஏ.ஐ. மார்க் 4 (இப்ப எல்லாரும் பேசற ஏ.ஐ. இல்ல, அது வேற), ஒன்றரை மீட்டர் அலைநீளத்துல வேலை செய்யும். அதுல ஒரு பெரிய சிக்கல், நீங்க எவ்வளவு உயரத்துல பறக்கறீங்களோ அவ்வளவு தூரம்தான் முன்னாடி பாக்க முடியும், அதுக்கு மேல தரையில பட்டுத் திரும்பற சிக்னல் திரையை மூடிடும். 15,000 அடில பறந்தா 15,000 அடி, அதாவது நாலரை கிலோமீட்டர், அவ்வளவுதான் பார்வை. கிட்ட போனாலும் சுமார் 120 மீட்டருக்குள்ள அது குருடு, அங்கேருந்து கண்ணாலதான் பாக்கணும். ரெண்டு சின்ன திரையை கண்கொட்டாம பாத்து இடது, வலது, மேல, கீழன்னு சொல்றதுக்குன்னே தனியா ஒரு ஆள் வேணும். ஆக ரெண்டாவது ஆளுக்கு எடம், பெட்டி வைக்க எடம், கரண்ட் குடுக்க ஜெனரேட்டர், இதெல்லாம் விமானத்துல இருக்கான்னு பாக்கணும்.

ரெண்டாவது, துரத்திப் பிடிக்கற வேகம். எதிரியைவிட கொஞ்சம் அதிகம் இருக்கணும், ஆனா பின்னாடி போய் ஒட்டறப்ப வேகத்தைக் குறைக்கவும் தெரியணும், இல்லேன்னா தாண்டிப் போயிடுவீங்க, அப்புறம் ராத்திரி முழுக்க தேடினாலும் கிடைக்காது. மூணாவது, பாத்த சில நொடிக்குள்ள முடிக்கற துப்பாக்கி பலம். நாலாவது, மேல காத்துக்கிட்டு இருக்கற நேரம். அஞ்சாவது, நகரமே விளக்கை அணைச்சு வெச்சிருக்கற நாட்டுல, மழை மூடாப்புல பத்திரமா இறங்கறது, இதை யாரும் கணக்குலயே எடுக்க மாட்டாங்க. கடைசியா, அதை இங்க எடுத்தா வேற எங்க ஓட்டை விழும்ங்கறது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதை விட்டுட்டு ஒப்பிட்டா எல்லாமே தப்பாப் போகும். கடற்கரையில இருந்த செயின் ஹோம் ரேடார் கடல் பக்கம் பாக்கறதுக்குத்தான், எதிரி கரையைத் தாண்டி உள்ள வந்துட்டா அப்சர்வர் கோர் ஆளுங்க காதும் கண்ணும்தான் துணை. நாலு கிலோமீட்டர் பார்வை இருக்கற ரேடாரை வெச்சுகிட்டு இருட்டுல எங்க போய் தேடுவீங்க? ஃபைட்டரை எதிரி பின்னாடியே கூட்டிட்டுப் போய் விடற தரை ரேடார் நிலையம், ஜி.சி.ஐ.ன்னு சொல்வாங்க, அது 1941 ஜனவரிலதான் வேலைக்கு வர ஆரம்பிச்சுது. 1940 நவம்பர் 14 ராத்திரி கோவென்ட்ரி நகரத்தை எரிச்சாங்களே, அன்னிக்கு பிரிட்டிஷ் ஃபைட்டர் நூறு தடவைக்கு மேல பறந்தும் ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட வீழ்த்த முடியல. கீழ இருக்கற எல்லா விமானமும் அந்தப் பறத்தல்ல கலந்துதான் இருந்துச்சு, ஹாவக் மட்டும் அப்ப தயாராகல.

ஒரே பார்வையில

| விமானம் | முதல்ல எதுக்கு | ஆள் | வேகம் (சுமார், கி.மீ.) | துப்பாக்கி | மறைஞ்சிருக்கற செலவு |
|---|---|---|---|---|---|
| ப்ளென்ஹைம் | இலகு குண்டுவீச்சு | 3 | 420 | முன்னாடி 5 மெஷின் கன் | எதிரியைக் கண்டும் பிடிக்க முடியாது |
| டிஃபையன்ட் | பகல் ஃபைட்டர் | 2 | 490 | டர்ரெட்ல 4 மெஷின் கன் | பின்னாடி இருக்கறவர் தப்பிக்கறது கஷ்டம் |
| ஹரிக்கேன் | பகல் ஃபைட்டர் | 1 | 520 | 8 மெஷின் கன் | பகல் படை இளைக்கும் |
| ஹாவக் | இலகு குண்டுவீச்சு | 3 | 475 | மூக்குல 8 மெஷின் கன் | மாத்தி முடிக்க மாசக்கணக்கு |
| பியூஃபைட்டர் | டார்ப்பிடோ விமானத்துல இருந்து பிறந்த ஃபைட்டர் | 2 | 520 | 4 பீரங்கி, 6 மெஷின் கன் | எண்ணிக்கை குறைவு, பழக நாளாகும் |

ப்ளென்ஹைம்

குண்டு போடக் கட்டினது. வயித்துக்கு அடியில நாலு மெஷின் கன் இருக்கற ஒரு பெட்டியை மாட்டி ஃபைட்டர்னு பேர் வெச்சாங்க, அந்தப் பெட்டியை செஞ்சது ஆஷ்ஃபோர்ட்ல இருந்த சதர்ன் ரயில்வே பட்டறை. ரயில் பட்டறையில செஞ்ச துப்பாக்கிப் பெட்டியோட ஒரு நாடு ராத்திரி சண்டைக்குக் கிளம்புதுன்னா எவ்வளவு அவசரம்னு பாத்துக்கோங்க.

ஆனா உள்ள எடம் தாராளமா இருந்துச்சு, ரேடார் பெட்டி எல்லாத்தையும் வெச்சு ஆளையும் உக்கார வைக்கலாம். அதனாலதான் உலகத்துலயே முதல் விமான ரேடார் வெற்றி இதோட கணக்குல இருக்கு, 1940 ஜூலை 22-23 ராத்திரி, ஆஷ்ஃபீல்ட் ஓட்டின ஒரு ப்ளென்ஹைம் டோர்னியர் 17 ஒண்ணை ரேடார்ல புடிச்சு கடல்ல தள்ளுச்சு.

அதை வெச்சு ஏமாந்துடாதீங்க. ஜெர்மன் பாம்பர் ஹெயின்கெல் 111 வேகமும் இதோட வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணு, யுங்கர்ஸ் 88 இதைவிட வேகம். திரையில எதிரி தெரியறான், துரத்தறோம், அவன் தூரம் போயிகிட்டே இருக்கான். ரேடார் ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்க அருமையான விமானம், அந்த வேலைக்கு கண்டிப்பா எடுப்பேன். சண்டைக்குன்னா வேற எதுவும் இல்லாதப்ப மட்டும்.

டிஃபையன்ட்

இதைப் பத்திதான் நிறைய பேசணும், ஏன்னா இதைத் திட்டாத ஆளே கிடையாது, அந்தத் திட்டுல பாதி நியாயம் இல்லாதது.

ஒரு எஞ்சின், ரெண்டு ஆள், முன்னாடி சுட துப்பாக்கியே கிடையாது, பைலட்டுக்குப் பின்னாடி சுழல்ற டர்ரெட்ல நாலு மெஷின் கன். துணைக்கு ஃபைட்டர் இல்லாம வர்ற குண்டுவீச்சு விமானத்துக்குப் பக்கத்துல போய் நின்னுகிட்டு சுடறதுதான் யோசனை. பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் பாம்பர் கூடவே மெஸ்ஸர்ஷ்மிட் 109 வர ஆரம்பிச்சுது, யோசனை அங்கேயே செத்துச்சு. 1940 ஜூலை 19 ஃபோக்ஸ்டோன் கடல் பக்கம் 141 ஸ்குவாட்ரன் டிஃபையன்ட் ஒம்பது போச்சு, ஆறு சுட்டு வீழ்த்தப்பட்டுச்சு. ஆகஸ்ட் முடியறப்ப பகல் சண்டைல இருந்தே எடுத்துட்டாங்க.

ராத்திரில என்ன ஆச்சுன்னா, எந்த நிலைமைக்காக இதைக் கட்டினாங்களோ அந்த நிலைமை திரும்பி வந்துச்சு. ராத்திரி வர்ற பாம்பருக்குத் துணைக்கு ஃபைட்டர் கிடையாது. தனியா, நேரா, ஆடாம அசையாம போயிகிட்டு இருக்கும். டிஃபையன்ட் அடியில போய் அதே வேகத்துல கூடவே பறந்தா, டர்ரெட் ஆளு துப்பாக்கியை மேல தூக்கி வயித்துல சுடலாம். மேல ஆகாசம் கீழ இருக்கற இருட்டைவிட கொஞ்சம் வெளிச்சம், அதனால கீழேருந்து பாத்தா விமானத்தோட கருப்பு உருவம் நல்லாத் தெரியும், மேலேருந்து நம்மளை அவன் பாக்க முடியாது. வேகமா வந்து தாண்டிப் போற பிரச்சனையும் இல்ல. தேடறதுக்கு ரெண்டு ஜோடிக் கண்ணு வேற, பைலட் முன்னாடி பாக்க, பின்னாடி இருக்கறவர் சுத்தியும் பாக்க. அந்தக் குளிர்காலத்துல எதிரியைப் பாத்த தடவைக்கு எத்தனை வீழ்த்தினாங்கன்னு கணக்குப் போட்டா டிஃபையன்ட்டுக்கு நல்ல பேர் இருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, 1943ல ஜெர்மன்காரனும் இதே முறைக்கு வந்தான், ஷ்ரேகெ முஸிக்னு பேர் வெச்சு நைட் ஃபைட்டர் முதுகுல மேல் நோக்கி பீரங்கி மாட்டி, பிரிட்டிஷ் லங்காஸ்டர் பாம்பர் வயித்துல சுட்டான். அதே 1943ல பசிபிக் தீவுத் தளமான ரபௌல்ல இருந்த ஜப்பான் கடற்படை அதிகாரி யசுனா கொசோனோ, எஸ்கார்ட் ஃபைட்டரா தோத்து வேவு விமானமா மாறியிருந்த நகாஜிமா ஒண்ணுல மேல பாத்தும் கீழ பாத்தும் 20 மி.மீ. பீரங்கி மாட்டினாரு, மே மாசம் பி-17 விழ ஆரம்பிச்சதும்தான் மேலிடம் ஒத்துகிட்டு கெக்கோன்னு பேர் வெச்சு நைட் ஃபைட்டரா கட்டச் சொல்லுச்சு. மூணு நாடு, ஒரே பதில்.

சரி, செலவு? துப்பாக்கி சின்னது, .303 தோட்டா, பீரங்கி மாதிரி ரெண்டு நொடில கதை முடியாது, கிட்ட போய் நீளமா சுடணும். ரேடார் மாட்டின மார்க் 2 வர்றதுக்கு 1941 ஆயிடுச்சு, அதுலயும் சுடற ஆள் டர்ரெட்ல இருக்கறதால திரையைப் பாக்கற வேலை பைலட் தலையில விழுந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, விமானம் தீப்பிடிச்சா டர்ரெட்ல இருக்கறவர் வெளிய வர்றது ரொம்பக் கஷ்டம், கரண்ட் போயிட்டா இன்னும் மோசம். இந்த விமானத்துல யாரை உக்கார வைக்கறோம்ங்கறதை அதிகாரி யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்.

ஹரிக்கேன்

கையில நிறைய இருக்கு, வேகம் இருக்கு, சக்கரம் அகலமா இருக்கறதால இறங்கறது ஸ்பிட்ஃபயரைவிட எவ்வளவோ பரவால்ல. ஸ்பிட்ஃபயர் ஏன் லிஸ்ட்லயே இல்லன்னு கேட்டா அதான் காரணம், ஒடுக்கமான சக்கரம், நீள மூக்கு, ரெண்டு பக்கமும் எக்ஸாஸ்ட் நெருப்பு கண்ணுல அடிக்கும். ஹரிக்கேன்லயும் நெருப்பு அடிக்கும்தான், ஒரு தகடை வெச்சு மறைச்சாங்க.

ஆனா ஒரே ஆள். ரேடார் கிடையாது. நிலா இருந்தா, கீழ ஊர் எரிஞ்சா, சர்ச்லைட் புடிச்சா மட்டும் பாக்கலாம். இங்க எல்லாரும் 151 ஸ்குவாட்ரன் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் பேரைச் சொல்வாங்க, ரேடார் இல்லாம தனியா 14 விமானம் வீழ்த்தினவர். உண்மைதான். ஆனா அவர் போருக்கு முன்னாடியே இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி ராத்திரில சரக்கு விமானம் ஓட்டி ஓட்டிப் பழகினவர், அந்த அனுபவம் ஸ்குவாட்ரன்ல மத்த பசங்க யாருக்கும் கிடையாது. ஒரு ஸ்டீவன்ஸை வெச்சு விமானத்துக்கு மார்க் போடறது, சச்சின் ஆடினாருங்கறதுக்காக அந்த பேட்டை எல்லாருக்கும் வாங்கிக் குடுக்கற மாதிரி. அவரும் 1941 டிசம்பர்ல ஹாலந்து பக்கம் போனப்ப இறந்துட்டாரு.

ஜெர்மன்காரனும் 1943ல இந்த வழில போனான். ஹம்பர்க் மேல பிரிட்டிஷ்காரன் அலுமினியத் தாள் தூவி ரேடாரைக் குருடாக்கின சமயம், ஹாயோ ஹெர்மன்ங்கற ஜெர்மன் பைலட்டோட வில்டெ ஸௌ படை ஆளுங்க ஒத்த ஆள் ஃபைட்டர்ல ஊர் எரியற வெளிச்சத்துலயே வேட்டையாடினாங்க. கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. குளிர்காலம் வந்ததும் மூடாப்புல இறங்க முடியாம விழுந்தவங்க எண்ணிக்கை ஏறுச்சு, பகல் படைகிட்ட கடன் வாங்கின விமானமும் ரெட்டை ஷிஃப்ட்ல தேஞ்சுபோச்சு, 1944 வசந்தத்துக்குள்ள அந்த ஏற்பாடே கலைஞ்சிடுச்சு. ஹரிக்கேன் கோஷ்டி இதைப் படிச்சுட்டு வரணும்.

ஹாவக்

பிரான்ஸ் அமெரிக்காகிட்ட ஆர்டர் பண்ணின டக்ளஸ் குண்டுவீச்சு விமானம், பிரான்ஸ் விழுந்ததும் பிரிட்டனுக்குத் திருப்பி விட்டாங்க. மூக்குல எட்டு துப்பாக்கி, உள்ள ரேடார், 1941 ஆரம்பத்துல 85 ஸ்குவாட்ரனுக்குப் போச்சு. மூக்குக்கு அடியில சக்கரம் இருக்கறதால ராத்திரி இறங்கறதுக்கு இந்த லிஸ்ட்லயே நல்லது இதுதான். வேகம் ஹெயின்கெலுக்குப் போதும், அதுக்கு மேல கிடையாது. செப்டம்பர்ல முடிவெடுக்கணும்னா இது கைக்கு வராது, பிரெஞ்சுக்காரங்களுக்காகக் கட்டினதை மாத்தி, ரேடார் வெச்சு, ஆள் பழகி வர்றதுக்குள்ள குளிர்காலம் பாதி போயிடும்.

இதுல செஞ்ச ஒரு கூத்தை மட்டும் சொல்லாம விடமாட்டேன். டர்பின்லைட்னு, மூக்குல துப்பாக்கிக்குப் பதிலா ராட்சச சர்ச்லைட், குண்டு வைக்கற எடம் முழுக்க பேட்டரி. ரேடார்ல புடிச்சு, லைட்டைப் போட்டு, பக்கத்துல வர்ற ஹரிக்கேன் சுடணும். லைட் போட்ட உடனே எதிரி டைவ் அடிச்சுடுவான், அதோட அடுத்தவன் நம்மளையும் பாத்துடுவான், ஹரிக்கேன் பைலட்டுக்கோ கண்ணு கூசும். அதுக்கு பத்து ஸ்குவாட்ரன் வரைக்கும் போட்டாங்க, கைக்கு வந்தது ஏறக்குறைய ஒண்ணுமில்ல, 1943 ஜனவரில மூடிட்டாங்க. ஆள், ரேடார், விமானம் எல்லாம் இருக்கறப்ப அதுலயே துப்பாக்கியும் வெச்சுத் தொலைச்சிருக்கலாம்.

பியூஃபைட்டர்

பியூஃபோர்ட் டார்ப்பிடோ விமானத்தோட இறக்கை, வால், சக்கரம் எல்லாத்தையும் எடுத்துகிட்டு, உடம்பை ஒல்லியாக்கி, ரெண்டு ஹெர்க்குலிஸ் எஞ்சின் மாட்டினது. 1939 ஜூலைல முதல் தடவை பறந்துச்சு. நாலு 20 மி.மீ. பீரங்கி, அதோட இறக்கைல ஆறு மெஷின் கன், ரேடார் ஆளுக்கு நடுவுல தனி எடம், மணிக்கணக்கா மேல நிக்கற எரிபொருள். மேல சொன்ன அளவுகோல் எல்லாத்தையும் இதைப் பாத்துட்டு எழுதினேனான்னு நீங்க கேக்கலாம். கொஞ்சம் அப்படித்தான்.

குறை நிறைய இருக்கு. கிளம்பறப்ப ஒரு பக்கமா இழுக்கும், பழகாத பைலட்டை ராத்திரில கொன்னுடும். ஆரம்பத்துல வந்ததுல பீரங்கிக்கு 60 தோட்டா டிரம்தான், தீந்துட்டா ரேடார் ஆளு எழுந்து போய் இருட்டுல, விமானம் வளைஞ்சு திரும்பிகிட்டு இருக்கறப்ப, கையால கனமான டிரம்மைத் தூக்கி மாட்டணும். ரேடாரும் அடிக்கடி படுத்துக்கும். எல்லாத்துக்கும் மேல, செப்டம்பர்ல விரல் விட்டு எண்ணற அளவுதான் இருந்துச்சு.

ஜான் கன்னிங்ஹாம்ங்கற பைலட் நவம்பர் 19-20 ராத்திரி யுங்கர்ஸ் 88 ஒண்ணை வீழ்த்தினப்பதான் பியூஃபைட்டர் ரேடாரோட முதல் பலன் வந்துச்சு. கோவென்ட்ரி எரிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. அடுத்த அஞ்சு நாள்ல டவ்டிங் பதவி போச்சு. ரேடாரை மறைக்கறதுக்காக கன்னிங்ஹாமுக்கு கேரட் சாப்பிட்டு சாப்பிட்டு பூனைக்கண்ணு வந்துடுச்சுன்னு கதை விட்டாங்க, நம்ம வீட்டுல இன்னிக்கும் பசங்களுக்கு கேரட் ஊட்டறப்ப சொல்ற டயலாக்ல அதுவும் கொஞ்சம் கலந்திருக்கு.

ஜி.சி.ஐ. நிலையங்கள் சேர்ந்ததும் நிலைமை மாறுச்சு. பிரிட்டிஷ் ராத்திரி ஃபைட்டர்கள் வீழ்த்தினதா சொன்ன கணக்கு 1941 ஜனவரில 3, மார்ச்ல 22, மே மாசம் 96. இதுல நிலா வெளிச்சத்துல பறந்த ஹரிக்கேன், டிஃபையன்ட் பங்கும் இருக்கு, ஆனா இருட்டு ராத்திரி வேட்டை பெரும்பாலும் பியூஃபைட்டரோடது. நம்ம ஊர்க்கதையும் ஒண்ணு இருக்கு: ஜப்பான்காரன் கல்கத்தா மேல ராத்திரி குண்டு போட்டுகிட்டு இருந்தப்ப டம்டம்ல 176 ஸ்குவாட்ரன் பியூஃபைட்டர் வந்து இறங்குச்சு, 1943 ஜனவரி 15 ராத்திரி சார்ஜன்ட் பிரிங் ஒரே பறத்தல்ல சில நிமிஷத்துக்குள்ள மூணு பாம்பரை வீழ்த்தினாரு.

அப்ப எதை எடுக்கறது

உங்க நிலைமை என்னன்னு பாருங்க.

தரை ரேடார் இல்ல, இன்னிக்கு ராத்திரியே ஏதாவது அனுப்பணும், நிலா இருக்கு: டிஃபையன்ட். பகல்ல அதுக்கு வேலை கிடையாது, அதனால எடுத்தா எங்கயும் ஓட்டை விழாது. சால்மண்ட் கமிட்டி ஹரிக்கேன் கேட்டதுல எனக்கு உடன்பாடு இல்லாதது இதனாலதான், செப்டம்பர்ல பகல் சண்டை முழுசா முடிஞ்சதான்னு யாருக்கும் தெரியாது, கையில இருக்கற ஹரிக்கேனைக் குறைக்கறது சூதாட்டம். அக்டோபர் தாண்டினதும் கொஞ்சம் எடுத்தா தப்பில்ல.

நிலா இல்லாத ராத்திரி, ஜி.சி.ஐ. இருக்கு: பியூஃபைட்டர், யோசிக்கவே வேணாம். கிடைக்கற ரேடார் பெட்டி குறைவா இருந்தா எல்லா விமானத்துக்கும் பிச்சுப் பிச்சுக் குடுக்காம இதுக்கே குடுங்க.

நீண்ட போர், ஆள் தயார் பண்ணணும்: ப்ளென்ஹைம்ல பயிற்சி, அங்கேருந்து பியூஃபைட்டர். எதிரி விமானத்தளத்துக்கே ராத்திரி போய், அவன் இறங்கறப்ப அடிக்கணும்னா ஹாவக், தூரம் போகும், பத்திரமா திரும்பும்.

டவ்டிங் சொன்னது சரி, ஆனா பியூஃபைட்டர் வர்ற வரைக்கும் ஊர் எரியறதைப் பாத்துகிட்டு இருக்கச் சொன்னா எந்த அரசாங்கமும் கேக்காது. டிஃபையன்ட்டை முன்னாடி நிறுத்திகிட்டு பின்னாடி ரேடார் வேலையைப் பாத்திருந்தா அவர் நாற்காலி இன்னும் கொஞ்ச நாள் நின்னிருக்குமோ என்னமோ.

கடைசியா, வரப்போற ரெண்டு கேள்விக்கு

மாஸ்கிட்டோ ஏன் இல்ல? இருந்தா நானும் அதைத்தான் எடுப்பேன், துப்பாக்கியே இல்லாத மர குண்டுவீச்சு விமானமா யோசிச்சது பின்னால அருமையான நைட் ஃபைட்டர் ஆச்சு. ஆனா அதோட ஃபைட்டர் மாதிரி விமானம் முதல்ல பறந்ததே 1941 மே 15, குளிர்காலம் முடிஞ்சாச்சு.

மெஸ்ஸர்ஷ்மிட் 110, யுங்கர்ஸ் 88 பத்தி? அது எதிர்ப்பக்கம் இருக்கறவங்க எடுக்க வேண்டிய முடிவு. அவங்ககிட்ட கேட்டா என் பதில் யுங்கர்ஸ் 88: இன்னும் நிறைய நேரம் மேல நிக்கும், நிறைய பெட்டி தாங்கும். ஜெர்மன் நைட் ஃபைட்டர் பைலட் ஷ்னௌஃபர் 110ல பறந்துதான் 121 வீழ்த்தினாருன்னு சண்டைக்கு வராதீங்க, மேல ஸ்டீவன்ஸ் பத்தி சொன்னதையே திரும்ப எழுத வேண்டி வரும்.